மலைமேல் ஓர் அரண்மனை, கழிக்கரையில் ஒரு துறை

சாந்திபுரத்திலோ குப்பத்திலோ வாழும் தமிழ் நேயர் ஒருவரிடம் துறைமுகத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால், அவர் நகைப்பதில் வியப்பில்லை. சுற்றிலும் பாறைக் குன்றுகள். கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் மேட்டு நிலம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் முச்சந்தி நாடு. கடல் எங்கே, நாம் எங்கே? இவ்வினா நியாயமானதே. ஆயினும், முந்நூறு நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் சித்தூர்ச் சீமையின் மலைக்கோட்டையிலிருந்து ஆட்சி புரிந்த மன்னர்களின் இசைவு பெற்றே, சோழமண்டலக் கரையின் தலைசிறந்த துறைகளுள் ஒன்றில் பல நாட்டவர் பண்டகசாலை கட்டினர். கோட்டை, சந்திரகிரி. துறை, பழவேற்காடு. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துக் காண்பதே இன்றைய நம் நோக்கம்.

நாம் முதலில் ஆற்றைப் பின்பற்றிச் செல்வோம். சித்தூர்ச் சீமையின் கிழக்கு மலைகளில் தோன்றி, பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தில் தங்கி, ஊத்துக்கோட்டை வழியாகத் தமிழ்நாட்டிற்குள் புகுந்து, பொன்னேரியைக் கடந்து ஓடுகிறது ஆரணியாறு. வேலூரை அடுத்த ஆரணி நகரத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா, அது வேறு. மழை பெய்தால் பெருகுவதும் கோடையில் மணலாய்க் கிடப்பதுமான இவ்வாறு முடிவில் கலக்குமிடம் பழவேற்காட்டு உப்பங்கழி. வடமேற்கிலிருந்து காளங்கி ஆறும் அக்கழியிலேயே சேர்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகைக்கு அடுத்த பெருமை உடையது அது. அதன் பெரும்பரப்பு ஆந்திரத்தின் எல்லைக்குள் அடங்குகிறது. 2022-இல் திருப்பதி மாவட்டம் புதிதாக அமைந்தபோது சூளூர்ப்பேட்டையும் தடாவும் அம்மாவட்டத்தில் சேர்ந்தன. ஏரியின் தென்கோடியும், அங்கே கடலை நோக்கித் திறக்கும் முகத்துவாரமும், முகத்துவாரத்தை ஒட்டிய பழைய ஊரும் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. தெலுங்கர் இக்கழிக்குப் 'பிரளய காவேரி' என்று ஒரு பெயர் வழங்குவர். அழகிய பெயர், ஆனால் காவிரிக்கும் இதற்கும் தொடர்பு யாதுமில்லை.

பழைய வேலமரக் காடு இருந்த இடமாதலின் பழவேற்காடு ஆயிற்று என்பர். விசயநகர வேந்தர் காலத்தில் ஆனந்தராயன் பட்டினம் என்ற பெயரும் அதற்கு இருந்தது. ஐரோப்பியர் நாவில் பழவேற்காடு 'பாலியாக்கட்டு' ஆகி, 'புலிக்கட்' ஆகித் தேய்ந்தது. ஊரின் பெயர் ஒன்று எவ்வளவு தொலைவு பயணம் செய்யக்கூடும் என்பதற்கு மலேயாவைப் பாருங்கள். அங்கே ஆடவர் அரையில் உடுக்கும் கட்டமிட்ட கைலிக்கு 'பெலிக்கட்' என்று பெயர். இலங்கையில் அதே உடை 'பலயகட்' எனப்படும். பழவேற்காட்டிலிருந்து ஏற்றுமதியான துணி, தான் ஏறிய துறையின் பெயரையே சுமந்துகொண்டு கடல் கடந்து போயிற்று. மலேயாவில் அதனை உடுப்போருள் அப்பெயரின் வரலாறு அறிந்தோர் சிலராகவே இருப்பர். நாமும் அறிந்திருந்தோமா என்றால், அதுவும் ஐயமே.

இத்துறைக்கு முதலில் வந்து தங்கிய அயல்நாட்டவர் அரபியர். மக்காவிலிருந்து வெளியேற்றப்பட்ட சிலர் நான்கு மரக்கலங்களில் வந்து இக்கரையோரம் குடியேறினர் என்பது அங்குள்ள முசுலிம் குடும்பங்களில் வழங்கும் மரபுச் செய்தி. 13-ஆம் நூற்றாண்டளவில் அரபு வணிகர் இங்கு நிலைத்திருந்தனர். அவர்கள் வழியினர் தமிழ் பேசினர். தமிழை அரபு எழுத்தில் எழுதினர். அரபுத் தமிழ் என்னும் அவ்வெழுத்து முறையை நாம் ஒரு கட்டடத்திற்கு ஒப்பிடலாம்: உள்ளே வாழ்வது ஒரு மொழி, வெளியே நிற்கும் சுவர் இன்னொன்று. பழவேற்காட்டின் கட்டடங்களும் பெரும்பாலும் அத்தகையவையே.

1502-இல் போர்த்துகீசியர் வந்தனர். விசயநகர அரசோடு அவர்களுக்கு நட்பு இருந்தது; குதிரை வாணிபம் அந்நட்பைக் காத்தது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையைப் பற்றி எழுதிய துவார்த்தே பர்போசா என்னும் போர்த்துகீசியர், பழவேற்காட்டைப் பல நாட்டுக் கப்பல்கள் கூடும் செழிப்பான துறையாகக் குறிக்கின்றார். பர்மாவின் பெகு நாட்டு மாணிக்கங்கள் இங்கு வந்தன. வண்ணமிட்ட பருத்தித் துணிகள் இங்கிருந்து மலாக்காவிற்கும் சுமத்திராவிற்கும் சென்றன. மாணிக்கத்திற்கும் துணிக்கும் இடையில் தரகு செய்தவர் தெலுங்குப் பலிசை வணிகரும் தமிழ்ச் செட்டிமாரும் முசுலிம் மரக்காயரும். பின்னாளில் ஒல்லாந்தரோடு பெருவாணிபம் நடத்திய மலையச் செட்டி, சின்னண்ணச் செட்டி என்னும் உடன்பிறந்தார் இருவரின் பெயர்கள் கும்பினியின் கடிதங்களில் அடிக்கடி காணப்படுகின்றன. சிற்றரசர்க்குக் கடன் கொடுக்கும் செல்வமும், வேண்டின் படை திரட்டும் வல்லமையும் அவர்க்கு இருந்தன. வெள்ளையர் வந்தார்கள், ஏழை நாட்டினர் கைகட்டி நின்றார்கள் என்று எண்ணுவோர் இச்செட்டிமாரின் வரலாற்றைக் கேட்க வேண்டும்.

இனி, மலையின் பக்கம் திரும்புவோம்.

1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகரம் பாழாயிற்று. அரசு பெனுகொண்டாவிற்குப் பெயர்ந்தது. பின்னர் வேங்கடபதி தேவராயர் காலத்தில் சந்திரகிரிக்கு வந்தது. 1586 முதல் 1614 வரை ஆண்ட அம்மன்னர், தலைநகரைத் திருமலையின் அடிவாரத்திற்குக் கொண்டுவந்தமைக்குப் பக்தியும் ஒரு காரணமாகலாம். பாதுகாப்பும் ஒரு காரணம். திருமலைக் கோயிலுக்குள் நுழைந்ததும் வலப்புற மண்டபத்தில் கிருட்டிணதேவராயர் தம் தேவியர் இருவரோடு கைகூப்பி நிற்கும் செப்புத் திருவுருவங்களைப் பலரும் கண்டிருப்போம். அதே மண்டபத்தில் வேங்கடபதி தேவராயரின் செப்புருவமும் நிற்கிறது. கூட்டம் தள்ளும் வேகத்தில் அவரைக் கவனிப்போர் குறைவு.

சந்திரகிரிக் கோட்டை அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. யாதவராயர் காலத்தில் தோன்றியது என்பர். அதன் உள்ளே நிற்கும் ராசமகால் என்னும் மூன்றடுக்கு மாளிகையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தொலைவிலிருந்து நோக்கினால், முகப்பு முழுவதும் வரிசை வரிசையாய் வில்வளைவுகள். கூர்நுனி வளைவு தென்னாட்டுக் கோயிற் கட்டடக் கலைக்குரியதன்று. தக்காணத்துச் சுல்தான்களின் அரண்மனைகளிலும் பள்ளிவாசல்களிலும் வளர்ந்தது. கண்ணைச் சற்று மேலே உயர்த்தினால், மேல்தளத்தின் மீது எழுவன குவிமாடங்கள் அல்ல. கோயில் விமானம்போல் அடுக்கடுக்காய்ச் சுருங்கும் சிகரங்கள். உடல் சுல்தான் வீட்டது, முடி கோயில் வீட்டது. அம்பியின் தாமரை மகாலைக் கண்டவர்க்கு இக்கலப்பு புதிதன்று. தலைக்கோட்டையில் எவருடைய படையால் தோல்வி நேர்ந்ததோ, அவருடைய கட்டட நடையையே தோற்ற அரசு தன் கொலுமண்டபத்திற்கு அணிவித்தது என்பது எண்ணத்தக்கது. பகை வேறு, பாங்கு வேறு என்று அக்கால மன்னர் கருதினர் போலும்.

ராசமகால் கல், செங்கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றாலேயே ஆனது, மரம் பயன்படுத்தப்படவில்லை. கல்லுக்கு அங்கே குறைவில்லை. ஆனால் அம்மாளிகைக்கு அழகு தருவது கல் அன்று, கல்லின் மேற்பூச்சு. சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய் ஊறலும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்து, கையால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல் மெருகேற்றும் தொழில் தென்னாட்டுக் கொத்தர்க்கு வழிவழி வந்தது. இதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கழிக்கரைக்குச் சென்றதும் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

1598-இல் இயேசு சபைத் துறவியர் சந்திரகிரிக்கு வந்து வேங்கடபதி தேவராயரைக் கண்டனர். மன்னர் வைணவர், ஆயினும் அவர்களை மதித்து ஏற்றார். ஐரோப்பிய ஓவியங்களில் அவருக்குப் பெரும் விருப்பம் இருந்தது. ஓவியம் வல்ல துறவியரும் அவர் அவையில் பணியாற்றினர். இச்சூழலில்தான் ஒல்லாந்தர் வந்தனர். அவர்கள் போர்த்துகீசியரின் பகைவர். பழவேற்காட்டு முசுலிம் வணிகர் சாவகத் தீவுகளோடு தொடர்புடையவராதலின், ஒல்லாந்தரோடு கைகோத்தல் அவர்க்கும் நன்மையாயிற்று. அக்காலத்துப் பழவேற்காட்டுச் சீமை மன்னரின் தேவியருள் ஒருவரது பொறுப்பில் இருந்தது. 1610-இல் ஒல்லாந்தர் அங்கே பண்டகசாலை அமைக்க மன்னர் இசைவளித்தார். 1612-இல் சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர் படை வந்து அதனைத் தாக்கிற்று. அதன்பின் கோட்டையின்றி வாணிபமில்லை என்று கண்ட ஒல்லாந்தர், அரசியார் தொடங்கியிருந்த கோட்டை வேலையைத் தாம் ஏற்று 1613-இல் முடித்தனர். வெம்மர் வான் பெர்க்கெம் என்னும் தலைவர் தம் தாய்நாட்டு மாகாணமாகிய கெல்டர்லாந்தின் பெயரால் அதற்குக் கெல்திரியா என்று பெயரிட்டார்.

ஆகவே, ஒல்லாந்தர் கோட்டை என்று நாம் வழங்கும் அதன் தொடக்கம் ஓர் இந்திய அரசியாரின் கட்டளை. இச்செய்தியை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கலப்பு என்றதும் மேற்றிசையார் கொண்டுவந்த ஒன்றை நம்மவர் ஏற்றார் என்று எண்ணும் பழக்கம் நமக்கு ஊறிவிட்டது. பழவேற்காட்டில் நிகழ்ந்தது அவ்வளவு எளியது அன்று. நிலம் ஒருவருடையது, பணம் மற்றொருவருடையது, வரைபடம் வேறொருவருடையது. கொல்லறும் மட்டக்கோலும் பிடித்த கையோ, எல்லாக் கட்டடங்களுக்கும் இம்மண்ணின் கை.

ஊரைச் சுற்றி வரும்போது இது கண்கூடாகிறது. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலை எடுத்துக்கொள்வோம். விசயநகர காலத்து அக்கோயில் கருங்கல்லால் ஆனதன்று. செம்பூராங்கல் எனப்படும் துளை நிறைந்த செந்நிறக் கல்லால் ஆனது. கருங்கல்லைப்போல் அது நுண்ணிய உளி வேலைக்கு இணங்காது. ஆயினும் அங்கே இராமாயணக் காட்சிகளை விரலளவுச் சிற்பங்களாகச் செதுக்கி வைத்திருக்கின்றனர். கடற்காற்றும் உப்பும் அவற்றை அரித்தன. கவனிப்பின்மை மிச்சத்தை அரித்தது. பன்னெடுங்காலம் மரவேர்கள் விமானத்தைப் பிளந்து நின்ற கோயில் அது. கோட்டைக்குப்பத்தில் சமயேசுவரர் கோயிலும் இதே கல்லில் எழுந்ததே. மலைநாட்டு மன்னரின் கோயிற் பாணியைக் கழிக்கரையில் கிடைத்த பொருளில் செய்து காட்டிய முயற்சி என்று இவற்றைக் கொள்ளலாம்.

அங்கிருந்து கூப்பிடு தொலைவில் பள்ளிவாசல்கள். பெரிய பள்ளிவாசல், சின்னப் பள்ளிவாசல் என இரண்டு. சின்னப் பள்ளிவாசல் 1708-இல் கட்டப்பெற்றது. அதன் முற்றத்தில் 1914-ஆம் ஆண்டுக்குரிய நிழற்கடிகாரம் ஒன்று உண்டு. தொழுகை வேளையைக் கதிரவன் நிழலே காட்டும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய பள்ளிவாசல்களைக் கண்டவர் அறிவர்: கோயில் மண்டபங்களிற்போல் கல் தூண்கள், போதிகைகள், தட்டையான கற்கூரை. உருவங்கள் மட்டும் இரா; அவற்றின் இடத்தில் பூவும் கொடியும் இருக்கும். கற்றச்சன் கோயிலுக்குச் செதுக்கிய தாமரையையே பள்ளிக்கும் செதுக்கினான். அவனிடம் வேறு தாமரை இருக்கவில்லை.

போர்த்துகீசியர் தொடங்கிய மாதா கோயில் இன்று மகிமை மாதா ஆலயம் எனப் பெயர் பெற்று விளங்குகிறது. 1515 அதன் தொடக்கம் என்பர். இன்று காணும் கட்டடம் அவ்வளவு பழமையானதன்று. பழமையைத் தேடிச் செல்வோர்க்கு அது சிறிது ஏமாற்றம் தரலாம். வழிபடச் செல்வோர்க்கு அக்குறை இல்லை. இவ்விரு சாராருள் கட்டடத்தின் மேல் யாருக்கு உரிமை மிகுதி என்பது, பழவேற்காட்டில் மட்டுமன்று, நாடெங்கும் தீராத வழக்கு.

இனி ஒல்லாந்தரின் எச்சம். கெல்திரியாக் கோட்டையைக் காணச் செல்வோர் கோட்டையைக் காணார். புதர் மண்டிய மேடு, தூர்ந்த அகழியின் சுவடு, சிதறிய செங்கல், அவ்வளவே. 1616 முதல் 1690 வரை சோழமண்டலக் கரையின் ஒல்லாந்தக் கும்பினிக்கு இதுவே தலைமையிடம். பின்னர் அத்தலைமை நாகப்பட்டினத்திற்குப் பெயர்ந்தது. ஆங்கிலேயர் 1781-இல் பழவேற்காட்டைக் கைப்பற்றினர்; சில ஆண்டுகளில் திருப்பிக் கொடுத்தனர்; 1795-இல் மீண்டும் பற்றினர். 1806-இல் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தனர். ஊர் மட்டும் 1818-இல் ஒல்லாந்தரிடம் திரும்பி வந்து, 1825-இல் முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. சதுரங்கக் காய்போல் கைமாறிய ஊரில் கோட்டை நிலைக்கவில்லை, கல்லறை நிலைத்தது.

ஒல்லாந்தர் இடுகாடு இன்று இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. வாயிலின் இருமருங்கும் கல்லிற் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பார்த்த கணத்தில் அச்சமும் சிரிப்பும் ஒருங்கே தோன்றும். நம் கோயில் வாயிலில் துவாரபாலகர் நிற்பர். இங்கே அவ்விடத்தில் நிற்பவர் எலும்புக்கூட்டினர். சாவை மறவாதே என்பது அக்கால ஐரோப்பியச் சமயத்தாரின் வழக்கமான எச்சரிக்கை. உள்ளே எழுபதுக்கு மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. கூம்பி உயரும் நினைவுத் தூண்கள், கூரையிட்ட மாடங்கள், தரையோடு கிடக்கும் பெரும் பலகைக் கற்கள். பலகைகளில் புடைப்பாகச் செதுக்கிய ஒல்லாந்து மொழி எழுத்துகளும் குடிச் சின்னங்களும் காணப்படுகின்றன. எழுத்தின் வடிவம் ஐரோப்பியம். ஓரத்துக் கொடிக்கருக்கை மட்டும் தனியே நோக்கினால், அதனை எங்கோ ஒரு கோயில் அதிட்டானத்தில் கண்டதுபோல் தோன்றுகிறது. 1897-இல் அலெக்சாந்தர் ரீ என்னும் தொல்லியல் அறிஞர் சென்னை மாகாணத்தில் எஞ்சியிருந்த ஒல்லாந்தர் நினைவுச் சின்னங்களை அளந்து வரைந்து ஒரு நூலாக வெளியிட்டார். அவர் அன்று எடுத்த பதிவுக்கு நாம் நன்றி பாராட்ட வேண்டும்.

சந்திரகிரியில் நினைவில் வைக்கச் சொன்ன சுண்ணாம்பை இங்கே எடுப்போம். பழவேற்காட்டுக் கழியின் அடியில் கிளிஞ்சல் படுகைகள் உண்டு. அக்கிளிஞ்சலைத் தோண்டிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் தொழில் நெடுங்காலம் நடந்தது. பக்கிங்காம் கால்வாய் தோன்றிய பின்னர், படகு படகாகக் கிளிஞ்சலும் விறகும் உப்பும் சென்னைக்குப் போயின. சென்னையின் பழைய மாளிகைச் சுவர்கள் பளிங்கெனப் பளபளத்தமைக்கு இத்தகைய கிளிஞ்சற் சுண்ணாம்பே காரணம். கோயில் மதில், பள்ளிவாசல் சுவர், மாதா கோயில் முகப்பு, ஒல்லாந்தன் கல்லறை மாடம் எல்லாவற்றுக்கும் கழிக்கரையில் கிடைத்த பூச்சு ஒன்றே. சமயங்கள் தனித்தனியே நின்றன. சுண்ணாம்பு எல்லாரையும் பூசியது.

இவ்வாறெல்லாம் கூறும்போது, அக்காலம் அன்பும் ஒற்றுமையுமாய்க் கழிந்தது என்று நேயர்கள் கருதிவிடக் கூடாது. கெல்திரியாவிலிருந்து துணி மட்டும் ஏற்றுமதி ஆகவில்லை. வெடிமருந்து ஆயிற்று, மனிதரும் ஆயினர். பஞ்சக் காலத்தில் பசி தாங்காது பிள்ளைகளை விற்ற பெற்றோரும், போரிற் சிறைபட்டவரும், தரகரால் கவரப்பட்டவரும் அடிமைகளாகப் பத்தாவியாவிற்கு, அதாவது இன்றைய சகார்த்தாவிற்கு, கப்பலேற்றப்பட்டனர். 17-ஆம் நூற்றாண்டில் இவ்வாறு சென்றோர் பல்லாயிரவர். கல்லறைத் தோட்டத்தில் கும்பினி அலுவலர்க்குச் சின்னம் பொறித்த கல் உண்டு. அவர்க்குப் பெயர்ப்பட்டியலேனும் நம்மிடம் இல்லை. வெளி மாநிலங்களில் வாழும் நாம், பிழைப்பை நாடி வந்தவர்கள். விரும்பினால் ஊர் திரும்பக் கூடியவர்கள். அம்மக்கள் அவ்வாறு போனவர் அல்லர். பழவேற்காட்டின் செழிப்பைப் பாராட்டும் எவரும் இக்கணக்கை விட்டுவிட்டுப் பாராட்டுதல் முறையன்று.

அதே கோட்டைக்குள், அதே ஆண்டுகளில், வேறொன்றும் நடந்தது. 1632 முதல் 1642 வரை அங்கே சமயப் பணியாளராக இருந்த ஆபிரகாம் ரொகேரியசு என்னும் ஒல்லாந்தர், போர்த்துகீசிய மொழி அறிந்த பத்மநாபன் என்னும் அந்தணரோடு உரையாடித் தென்னாட்டாரின் சமய வழக்கங்களையும் ஒழுகலாறுகளையும் எழுதினார். பர்த்ருகரியின் வடமொழிச் சுலோகங்களைப் பத்மநாபன் விளக்கிச் சொல்ல, அவற்றை ஒல்லாந்து மொழியில் தந்தார். ரொகேரியசு மறைந்த பின் 1651-இல் அந்நூல் லைடன் நகரில் அச்சாயிற்று. வடமொழி இலக்கியம் ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சேறியது அதுவே முதன்முறை. ஒரு வாயிலால் அடிமைகள் போயினர். மறுவாயிலால் பர்த்ருகரி போனார்.

ஆங்கிலேயர் கதையும் இக்கரையோடு பிணைந்ததே. 1621-இல் அவர்கள் பழவேற்காட்டில் ஒல்லாந்தரோடு பங்கு பெற்று வாணிபம் செய்ய வந்தனர். இரண்டே ஆண்டில் தாக்குப் பிடிக்க மாட்டாது வெளியேறினர். பின்னர் கழியின் வடபால் துர்க்கராசப்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்தனர். அதுவும் நிறைவு தரவில்லை. அங்கிருந்த பிரான்சிசு டே என்பவர் தெற்கே புதிய இடம் தேடிப் புறப்பட்டதன் பயனே, 1639-இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் அளித்த சென்னைப்பட்டினத்து உரிமை. அந்த உரிமைக்குச் சந்திரகிரி அரசரின் ஒப்புதல் ராசமகாலிலேயே கிடைத்தது என்று மரபுவழிச் செய்தி ஒன்று வழங்குகிறது. அது எவ்வாறாயினும், பழவேற்காட்டில் இடம் கிடைக்காமையால் பிறந்த ஊரே சென்னை என்று கூறுவது மிகையாகாது. 1646-இல் கோல்கொண்டாப் படை சந்திரகிரியைக் கைக்கொண்டது. மலை அரசு மங்கியது. சென்னை வளர்ந்தது, பழவேற்காட்டின் முகத்துவாரத்தில் மணல் ஏறியது. பெருங்கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட, மசூலாப் படகுகள் அலை கடந்து சரக்கு ஏற்றி இறக்கிய துறைக்கு, நாளடைவில் மீன்பிடி வலைகளே மிஞ்சின.

இன்று பழவேற்காட்டுக்குச் செல்வோர் காண்பது இறாலும் நண்டும் விற்கும் சிற்றூர் ஒன்றை. பனியோலைப் பெட்டி முடையும் முசுலிம் பெண்களின் கைவேலை புகழ் பெற்றது. தெருக்களில் பழைய வீடுகள் சில எஞ்சியுள்ளன: திண்ணை தமிழ் வீட்டுத் திண்ணை, தாழ்வாரத் தூண்கள் பருத்து உருண்ட மேனாட்டுத் தூண்கள், மேலே நாட்டு ஓடு. இவற்றைக் காக்க எந்தச் சட்டமும் எளிதில் முன்வராது. கோயிலும் அல்ல, கோட்டையும் அல்ல, வெறும் வீடுகள். உரிமையாளர் சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ இருப்பார். கூரை சரிந்தால் செங்கல் விற்பனைக்குப் போகும். நாம் சென்றிருந்தபோது ஒரு வீட்டின் முகப்பு வளைவு மட்டும் நின்றது. உள்ளே வானம் தெரிந்தது. அதன் நிழலில் ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். இடித்துவிடலாமே என்று நாம் வினவியதற்கு, "நிழலுக்கு வேண்டியிருக்குதுங்க" என்றார்.

நமக்கு வருத்தம் தருவது பிறிதொன்று. 1960-இல் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சித்தூரும் புத்தூரும் நகரியும் ஆந்திரத்தில் நின்றன. அதில் குறை காண நாம் வரவில்லை. எல்லை எங்கேனும் ஓரிடத்தில் விழத்தான் வேண்டும். ஆனால் எல்லை விழுந்தது முதல், சந்திரகிரியின் வரலாறு ஒரு மாநிலத்துப் பாடநூலிலும் பழவேற்காட்டின் வரலாறு மற்றொரு மாநிலத்துப் பாடநூலிலும் பிரிந்து கிடக்கின்றன. சந்திரகிரிக்குச் செல்லும் பிள்ளை, அங்கிருந்த மன்னர் ஒல்லாந்தர்க்குத் துறை கொடுத்ததை அறியான். பழவேற்காட்டுக்குச் செல்லும் பிள்ளை, அந்த இசைவு எந்த மலைநாட்டு அரசரிடமிருந்து வந்தது என்று கேளான். இரண்டு இடங்களுக்கும் சென்று வரத்தக்க தொலைவில் வாழ்பவர்கள் சித்தூர், திருப்பதி மாவட்டத் தமிழ் மக்களே.

வழி கடினமன்று. திருப்பதியிலிருந்து சந்திரகிரி மிக அருகில். ராசமகாலிலேயே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறவாது புறப்படுக. மறுநாள் புத்தூர், நாகலாபுரம், ஊத்துக்கோட்டை வழியே பொன்னேரிக்குச் சென்றால், அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு. வழியில் ஆரணியாறு துணை வரும். குளிர்காலமாயின், தடா, சூளூர்ப்பேட்டைப் பக்கம் கழியின் ஆழமற்ற நீரில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நிற்பதையும் ஒரு நாள் ஒதுக்கிக் காணலாம். பழவேற்காட்டுக்குக் காலையில் போய்ச் சேருவது நன்று. இடுகாட்டைக் கண்டு, கோயிலைக் கண்டு, பள்ளிவாசலில் இசைவு கேட்டு முற்றத்திற்குச் சென்றால், நிழற்கடிகாரத்தின் முன் யாரேனும் நின்றுகொண்டிருப்பார். நம் கைக்கடிகாரத்திற்கும் அந்த நிழலுக்கும் சில நிமிட வேறுபாடு இருக்கும். இந்தியாவெங்கும் ஒரே மணி வழங்குவதால் நேரும் வேறுபாடு அது. நிழல் காட்டுவது பழவேற்காட்டுக்கே உரிய நேரம்.